ரோதங் வேறு, அடல் சுரங்கம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை ஒட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மணாலி கட்டுரையில், ‘அடல் சுரங்கப்பாதை வழியாக ரோதங் கணவாயைச் சில நிமிடங்களில் அடையலாம்’ என்றிருந்தது. அடைய முடியாது. அந்தச் சுரங்கத்தை வெட்டியதே கணவாய்க்குப் போகாமல் மலையைக் கடக்கத்தான்.

மணாலியிலிருந்து வடக்கே போகும் சாலை பல்சானில் இரண்டாகப் பிரிகிறது. இடது கை சாலை சோலாங், துந்தி வழியாகச் சுரங்கத்தின் தெற்கு வாய்க்குப் போகிறது. அது 3,060 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உள்ளே 9.02 கிலோமீட்டர் ஓட்டினால் மலைக்கு அப்பால் உள்ள லாஹவுல் பள்ளத்தாக்கில், சந்திரா ஆற்றின் கரையில் வெளியே வரலாம். இன்னொன்றுதான் பழைய மலைச்சாலை. கோத்தி, குலாபா, மர்ஹி, ராணி நாலா என்று வளைந்து ஏறி 3,978 மீட்டரில் கணவாயைத் தொடுகிறது. மணாலியிலிருந்து 51 கிலோமீட்டர். 2019 டிசம்பர் வரை சுரங்கத்துக்கும் ரோதங் என்றே பெயர் இருந்ததால் இந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. சில பயண முகவர்களுக்கு இது வசதியாகப் போய்விட்டது. விளம்பரத்தில் ரோதங் என்று போட்டுவிட்டு, சுரங்கம் தாண்டி சிஸ்ஸுவிலோ கோக்சரிலோ கொஞ்சம் பனியைக் காட்டித் திருப்பி அழைத்து வந்துவிடுகிறார்கள். சிஸ்ஸு அழகான ஊர்தான். ஆனால் அங்கே போக ரோதங் கணவாய்க்கான பெர்மிட் (அனுமதிச் சீட்டு) வேண்டாம், ஏற்றமும் குறைவு. முன்பணம் கட்டும் முன் ‘மர்ஹி வழியா, சுரங்கம் வழியா?’ என்று கேட்டுவிட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

பீர் பஞ்சால் மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில் இருக்கும் ரோதங் முகடு ஒரு நீர்பிரி மேடு. தெற்கே இறங்கும் நீர் பியாஸுக்குப் போகிறது, வடக்கே இறங்குவது சந்திராவுக்கு. சந்திரா, தாண்டி என்ற இடத்தில் பாகா ஆற்றோடு சேர்ந்து சீனாப் ஆகிறது. பியாஸ் சட்லெஜில் விழுகிறது. சட்லெஜும் சீனாபும் பாகிஸ்தானில் கூடி, பஞ்சநதம் என்ற பெயரில் சிந்துவில் கலக்கின்றன. பருவமழையின் பெரும்பங்கு தெற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால் மணாலி இருக்கும் குல்லு பக்கம் தேவதாருக் காடும் புல்வெளியும், லாஹவுல் பக்கம் மொட்டைப் பாறையுமாக இருக்கும். மேலே நின்றால் இரண்டையும் ஒருசேரப் பார்க்கலாம்.

மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை போகும் சாலையில் இதைவிட உயரமான கணவாய்கள் உண்டு. பாராலாச்சா சுமார் 4,890 மீட்டர். ஆனாலும் காலங்காலமாக வழிப்போக்கர்கள் அதிகம் அஞ்சியது ரோதங்கைத்தான். பள்ளத்தாக்கில் ஏறிவரும் ஈரக்காற்று இந்தத் தாழ்ந்த முகட்டில் நெருக்கி நுழைகிறது. காலையில் தெளிவாக இருக்கும் வானம் மதியத்துக்குமேல் திடீரென மூடிக்கொள்ளும். நண்பகலுக்கு முன் கடந்துவிட வேண்டும் என்பது அங்கே பழைய விதி. கார் வந்த பிறகும் அந்த விதி மாறவில்லை.

வைஸ்ராய் எல்ஜின் பிரபு 1863 அக்டோபரில் இந்தக் கணவாயைக் கடந்தார். மறுபக்கம் சந்திராவின் மேல் இருந்த சுள்ளிப் பாலத்தைத் தாண்டும்போது உடல்நிலை மோசமாகி, நவம்பரில் தரம்சாலாவில் இறந்தார். சுரங்கம் வருவதற்கு முன்பு குளிர்காலத்தில் லாஹவுல் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். அவசரத்துக்கு ஹெலிகாப்டர்தான். நடந்தே கடக்கத் துணிந்தவர்களுக்காக மர்ஹியிலும் கோக்சரிலும் மீட்புக் குழுக்கள் நிறுத்தப்படும். சுரங்கத்துக்கு 2010 ஜூனில் அடிக்கல் நாட்டினார்கள். செரி நாலா ஓடைக்குக் கீழே பாறை நொறுங்கி நீர் கொட்டியதால், 600 மீட்டருக்கும் குறைவான ஒரு துண்டைத் தாண்டவே சுமார் நான்கு ஆண்டுகள் ஆயின. திறந்தது 2020 அக்டோபர் 3. மணாலி–லே தூரம் 46 கிலோமீட்டர் குறைந்தது.

கணவாய்க்கே போவதென்றால் பெர்மிட் கட்டாயம். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் நாளொன்றுக்கு 800 பெட்ரோல், 400 டீசல் சுற்றுலா வாகனங்களுக்கு மட்டுமே அனுமதி. குல்லு மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் எடுக்க வேண்டும். அது ஒரு வண்டிக்கு, ஒரு நாளுக்கு மட்டும் செல்லும். பத்து ஆண்டுக்கு மேல் பழைய வண்டிக்குக் கிடைக்காது. பராமரிப்புக்காகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. திங்கள் இரவு மணாலி வந்து புதன் காலை கிளம்பும் திட்டத்தோடு வருபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

உயரத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு ஊட்டிதான் அளவுகோல். மணாலி சுமார் 2,050 மீட்டர், ஊட்டியைவிடத் தாழ்வு. அங்கே ஒன்றும் தெரியாது. ஆனால் சுரங்கத்தின் வாயே தொட்டபெட்டாவைவிட 400 மீட்டருக்கு மேல் உயரம், கணவாய் 1,300 மீட்டருக்கு மேல். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் 60 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கும் ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சிரைப்பும் லேசான கிறுகிறுப்பும்தான் வரும். ஓடுவதும் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பனிமேட்டில் ஏறுவதும் வேண்டாம். இதய நோய், நுரையீரல் நோய் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது.

குழந்தைகள் வாந்தி எடுப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். கோத்திக்கும் மர்ஹிக்கும் இடையில் வருவது பெரும்பாலும் கொண்டை ஊசி வளைவுகளின் வேலை. வண்டியை நிறுத்திக் காற்றோட்டமாக உட்கார வைத்தால் அரை மணியில் தெளிந்துவிடும். உயர நோய் அப்படியல்ல. தலைவலியோடு சேர்ந்து வரும், மேலே இருக்க இருக்கக் கூடும், பல மணி நேரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். கையில் ஆக்சிஜன் கேன் இருக்கிறது என்று அங்கேயே தங்கிவிடக் கூடாது.

உண்மையான ஆபத்து, தாண்டிப் போய் இரவு தங்குபவர்களுக்குத்தான். சுரங்கம் வந்த பிறகு, காலையில் மணாலியில் கிளம்பி லே சாலையில் உள்ள சார்ச்சுவில் அன்றிரவே கூடாரத்தில் படுப்பது எளிதாகிவிட்டது. அது 4,290 மீட்டர். ஒரே நாளில் படுக்கும் உயரம் 2,200 மீட்டர் ஏறுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் ஏற வேண்டும் என்பதே மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வழியில் லாஹவுலில் உள்ள கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ குறைந்தது ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு தங்கிப் போவது நல்லது. கிராம்பு என்ற ஊர் வழியாகச் சந்திரதால் ஏரிக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். அவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளில் தண்ணீர் கூடும். காலையில் சக்கரம் நனைத்துக் கடந்த ஓடை பிற்பகலில் வண்டியை நிறுத்திவிடும்.

சொந்த வண்டி ஓட்டுபவர்களுக்கு: ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே மர்ஹிக்கு இறங்கினால் கருகிய வாடை வரும், பிறகு பிரேக் பிடிக்காது. குறுகிய இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது சாலை விதி, சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் மறந்துவிடுகிறார்கள். வழியில் எண் போட்ட கடைகளில் பனிக்கான உடைகளும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸை அங்கே வாடகைக்கு எடுக்கலாம். கையுறையும் தடித்த காலுறையும் உங்களுடையதாகவே இருக்கட்டும், வாடகையில் வருவது பெரும்பாலும் ஈரமாக இருக்கும். புதுப்பனி வெயிலைப் பெருமளவு திருப்பி அடிப்பதால் குழந்தைகளுக்கும் கறுப்புக் கண்ணாடி அவசியம்.

கடைசியாக, ‘ரோதங் திறந்தாயிற்று’ என்ற செய்தியை நம்பி உடனே டிக்கெட் போட வேண்டாம். எல்லைச் சாலை அமைப்பு பனியை வெட்டி வழி எடுத்ததும் அந்தச் செய்தி வந்துவிடும். சுற்றுலா வண்டிகளை முதலில் குலாபா வரை, பிறகு மர்ஹி வரை என்று படிப்படியாகத்தான் விடுவார்கள். உச்சி வரை விட மே கடைசியோ ஜூனோகூட ஆகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்