பூட்டிய இணைப்பை அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆய்வுத் திட்டத்தை அரும்பாடுபட்டு முடிக்கும் மாணவர்கள், வகுப்புத் தோழர்களுக்குப் பகிரும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். கூகுள் டிரைவில் தனிக் கணக்கில் ஏற்றிய கோப்பு, நாமாக மாற்றும்வரை நமக்கு மட்டுமே திறக்கும். தோழர்கள் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அனுமதியை மாற்றும்போது, கருத்துச் சொல்லும் உரிமை போதும். திருத்தும் உரிமை கொடுத்தால் யாராவது கைதவறி ஒரு பத்தியையே அழித்துவிடுவார்கள். அனுப்புமுன் இணைப்பை, உலாவியில் நம் கணக்கு நுழைந்திராத மறைநிலைச் சாளரத்தில் (incognito) திறந்து பாருங்கள்.

யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத எழுத்துருவில் தட்டிய வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும் (பாதிப் பேர் வைரஸ் என்றே நினைப்பார்கள்!). எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து பிடிஎஃப் ஆக்குங்கள்.

கோப்புறையைப் பகிரவே வேண்டாம். பேட்டி கொடுத்தவர்களின் பெயரும் கைபேசி எண்ணும் உள்ள மூலத்தாள் உள்ளே கிடந்தால், அதுவும் சேர்ந்தே திறந்துவிடும்.

– கணினிப் பயிற்றுநர் ஒருவர்