ஆறாம் வகுப்பில் சேர்க்கும் முன் பள்ளியை வந்து பாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான்: அடுத்து எந்தப் பள்ளி? அலுவலகத்துக்கு விசாரிக்க வருபவர்களில் பலர் முதலில் கேட்பது தேர்ச்சி விகிதத்தை. கேட்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அரசு நடுநிலைப் பள்ளியை எப்படி எடைபோடுவது என்று, தினமும் உள்ளே இருந்து பார்ப்பவர் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் பள்ளியையும் இதே கேள்விகளை வைத்தே சோதித்துப் பாருங்கள்.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண்ணில் அங்கே நடக்கும் பாடமும் இருக்கிறது, பிள்ளைகள் வரும் வீடுகளின் வசதியும் இருக்கிறது. நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்க்கும் பள்ளி நல்ல மதிப்பெண் காட்டுவதில் ஆச்சரியமில்லை. கதவைத் தட்டும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளியை அதே அளவுகோலால் அளப்பது நியாயமாகாது. அதனால் கேள்வியைச் சற்று மாற்றிக் கேளுங்கள். ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரிந்திருந்தது? எட்டாம் வகுப்பை முடிக்கும்போது என்ன தெரிந்திருக்கிறது? இந்தக் கணக்கை வைத்திருக்கும் பள்ளி உடனே எடுத்துக் காட்டும். அப்புறம் இன்னொன்று: ஆறில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எட்டில் இருக்கிறார்கள்? நடுவில் போனவர்கள் ஏன் போனார்கள்? பின்தங்கிய பிள்ளையிடம் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டால் தேர்ச்சி விகிதம் தானாக ஏறிவிடும். அப்படி ஏறிய எண்ணால் உங்கள் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை.

பள்ளிக்குள் வந்ததும் ஒரு கணக்கு நோட்டைக் கேட்டு வாங்குங்கள். முதல் மாணவியின் நோட்டு வேண்டாம். நடுவரிசையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவருடையதைப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் பல பிள்ளைகள் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுவதால் வரும் பிழை இது. சில நோட்டுகளில் அதன் மேல் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் ஆறில் ஐந்து என்று சரியான விடையை எழுதியிருப்பார்கள். பிள்ளை அதைப் பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கும். வேறு சில நோட்டுகளில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி எழுதியிருப்பார்: "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாய். விடை அரையைவிடக் குறைந்தது எப்படி?" அதற்குக் கீழே பிள்ளை ஒரு கட்டம் வரைந்து, பிரித்து, மறுபடி போட்டுப் பார்த்த கணக்கு இருக்கும். அடித்தல் திருத்தலோடு அழகில்லாமல்தான் இருக்கும். ஆனால் கற்பித்தல் நடந்திருப்பது அந்தப் பக்கத்தில்தான். இப்படி நாலு பக்கம் பார்த்துவிட்டால், விளம்பரத் தாளில் இல்லாத விஷயம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பின்னத்தை நான் சும்மா எடுத்துச் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சீக்லரும் அவரது குழுவினரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க, பிரிட்டிஷ் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு பிடிபட்டிருந்தனவோ, அதற்கேற்பத்தான் மேல்நிலை வகுப்பில் கணக்கு அமைந்தது. குடும்ப வருமானம், பொது அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. ஆகவே, ஐந்தாம் வகுப்பு வரை பின்னம் பிடிபடாமல் வந்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்பின் முதல் சில மாதங்களில் பள்ளி என்ன செய்கிறது என்று கேளுங்கள். "பாடத்திட்டத்தை முடிக்க வேண்டுமே" என்று மட்டும் பதில் வந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

வாசிப்பிலும் இதே கதைதான். தொடக்க வகுப்பில் ஒரே ஆசிரியர் பிள்ளையை முழுசாக அறிந்திருப்பார். இங்கே பாடத்துக்கு ஒருவர் வருகிறார். அறிவியல் பாடத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிற பிள்ளையை அறிவியல் ஆசிரியர் "மொழிப் பாடத்தில் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடலாம். மொழி ஆசிரியர் கதையையும் கவிதையையும் வாசிக்க வைப்பாரே தவிர, ஒளிச்சேர்க்கைப் பாடத்தை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தர அவருக்கு நேரம் இருக்காது. பிள்ளை இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடும். எல்லா ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசும் நேரம் கால அட்டவணையில் இருக்கிறதா? என் பிள்ளையைப் பற்றி முழுசாகத் தெரிந்த ஒருவர் யார்? இந்த இரண்டையும் தயங்காமல் கேளுங்கள்.

சுவர் வண்ணம், கணினித் திரை, பரிசுக் கோப்பைகள் நிறைந்த அலமாரி ஆகியவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஆய்வகம் இருந்தால், பிள்ளைகள் தாங்களே தொட்டுச் செய்கிறார்களா, ஆசிரியர் செய்வதை வேடிக்கை பார்க்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

ஆனால் கழிப்பறைக்குக் கட்டாயம் போய்ப் பாருங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் கழிப்பறை. ஆறிலிருந்து எட்டு வரையிலான வயதில்தான் பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்குகிறது. கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்கிறதா? திடீரென்று நாப்கின் தேவைப்பட்டால் பிள்ளை யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? இதற்குப் பதிலை ஆசிரியரிடம் மட்டும் கேட்காமல் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடமும் கேளுங்கள். அவளுக்குத் தெரியவில்லை என்றால் அந்தப் பள்ளியில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமலே பள்ளி நேரம் முழுவதையும் ஓட்டுகிற பிள்ளையால் பாடத்தில் கவனம் வைக்க முடியாது.

இடைவேளை மணி அடிக்கும்போது அங்கேயே இருங்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டிக் கொடுமைப்படுத்துவதைப் பற்றி முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் உளவியலாளர் டான் ஓல்வியஸ். நார்வேயில் 1983-ல் நாடு முழுவதும் பள்ளிகளில் இந்தக் கொடுமைக்கு எதிராக நடந்த முயற்சியோடு சேர்ந்தே அவரது தடுப்புத் திட்டமும் உருவானது. இடைவேளையில் பெரியவர்கள் கண் முன்னால் இருக்கும் பள்ளிகளில் இந்தத் தொல்லை குறைகிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. ஆகவே மாடிப்படி, மைதானத்தின் மூலை, கழிப்பறை வாசல் ஆகிய இடங்களில் ஆசிரியர்கள் நிற்கிறார்களா என்று பாருங்கள். "இங்கே பிள்ளைகளுக்குள் தொல்லை உண்டா?" என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். "எங்கள் பள்ளியில் அதெல்லாம் கிடையவே கிடையாது" என்ற பதிலை நான் நம்ப மாட்டேன். இந்த வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கூடும் இடத்தில் உரசல் இல்லாமல் இருக்காது. யாரிடம் சொல்லலாம், சொன்னால் என்ன நடக்கும், சொன்ன பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்று விளக்கத் தெரிந்த பள்ளியைத்தான் நம்பலாம்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-ல் ஒரு நாளைக்குச் சொன்ன தூக்க அளவு இது: 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். பேருந்துக்காக விடிவதற்குள் எழுப்ப வேண்டிய பள்ளி எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், முதல் பாடவேளையில் உங்கள் பிள்ளை தூங்கி விழுந்தால் என்ன பலன்?

ஆசிரியர் பற்றி இரண்டே கேள்வி. கணக்கும் அறிவியலும் எடுப்பவர்கள் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார்கள்? ஒருவர் விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பில் என்ன நடக்கும்?

நன்றாகப் படிக்கும் பிள்ளையை எல்லோருக்கும் தெரியும், சேட்டை செய்யும் பிள்ளையையும் தெரியும். இரண்டும் இல்லாமல், கை தூக்காமல், யாருக்கும் தொந்தரவு தராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் நடுநிலைப் பள்ளியில் ஆபத்து அதிகம். மூன்று ஆண்டுகள் ஓடிவிடும், ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இந்த வகைதான். ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுமதி என்றால், "அமைதியான பிள்ளையை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்றுதான் கேட்பேன்.

புதன், வியாழக்கிழமைகளில் இரண்டாம் பாடவேளை முதல் இடைவேளை முடியும் வரை எங்கள் பள்ளி உங்களுக்குத் திறந்திருக்கும். அலுவலகத்தில் பெயர் எழுதிவிட்டு வாருங்கள். எந்த வகுப்பு என்று நீங்களே சொல்லலாம். நான் கூடவே வர மாட்டேன், ஏனென்றால் நான் நின்றால் பிள்ளைகள் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள். உங்கள் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்கென்று தனியாகக் கேள்விகள் இருக்கும். அவற்றுக்கு எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள் பதில் சொல்வார்கள். பார்த்து முடித்ததும் என் அறைக்கு வந்து, குறையாகப் பட்டதை முதலில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்