கென்யிர் ஏரியில் எங்களை இழுத்து வந்த அண்ணனுக்கு

மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் உள்ள கென்யிர் ஏரிக்குத் தோமான் என்ற பெரிய விரால் வகை மீன் பிடிக்க மகனோடு போயிருந்தேன். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்களுக்கு நடுவே வாடகைப் படகின் இயந்திரம் நின்றுவிட்டது. கைப்பேசியில் லைன் இல்லை, மழை வேறு.

அண்ணே, நாங்கள் கையசைக்கும் முன்பே உங்கள் தூண்டிலைச் சுருட்டிவிட்டு வந்தீர்கள். கயிறு கட்டி பெங்காலான் காவி படகுத்துறை வரை இழுத்து வந்தீர்கள். எண்ணெய்க் காசுகூட வாங்கவில்லை.

வழியில் செய்தது அதைவிடப் பெரிய உதவி. நீர்மேல் சிவப்பாகக் கொப்பளித்த தோமான் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்து மகன் தூண்டில் வீசப் போனான். "அங்கே வேண்டாம் தம்பி. குஞ்சுகள் மூச்சு வாங்க மேலே வரும், பெற்ற மீன்கள் அடியில் காவல் நிற்கும். அதுகளைப் பிடித்துவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும்" என்றீர்கள். உங்கள் அப்பா சொல்லித் தந்ததாம். மகன் அந்த நிமிடமே தூண்டிலைக் கீழே வைத்தான். நான் சொல்லியிருந்தால் அப்படிக் கேட்டிருப்பானா, தெரியாது.

பெயரைக் கேட்டதற்குச் சிரித்தீர்கள், ஈப்போ பக்கம் என்று மட்டும் சொன்னீர்கள். ஈப்போ தூண்டில்காரர்களே, இவரைத் தெரிந்தால் இதைக் காட்டுங்கள். ரொம்ப நன்றி அண்ணே.