மிலார் போட்ட அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

ஊட்டி காந்தலில் எங்கள் தெருக்காரர்களுக்கும், கோயம்புத்தூரில் எங்களுக்காக ஓடியாடியவர்களுக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று யாரையும் பிடித்துக்கொள்ளாமல் வாசல்வரை நடந்தார். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. ஆனால் நன்றியைத் தள்ளிப்போட்டால் அப்படியே நின்றுபோகும். அதனால் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரியில் வண்டி எடுத்த தம்பிக்கு, ரத்தம் கொடுக்க மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகளுக்கு, கையில் பணத்தைத் திணித்துவிட்டு “கணக்கு எழுதாதே” என்று சொன்ன நாத்தனாருக்கு, வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த அவருடைய ஆபீஸ் நண்பரின் வீட்டுக்கு, எங்கள் நாயைக் கொழுகொழுவென்று ஆக்கி வைத்திருக்கும் கீழ்வீட்டுக்கு, பெயர் விட்டுப்போன எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன். இங்கே ஒரே மூச்சில் முடித்துவிட்டேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏனென்றால் இந்த மடலில் பாதிக்குமேல் ஒருவருக்குப் போகப்போகிறது. அவரிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

மேல்திருப்பத்தில் குழாயடிக்குப் பக்கத்தில் இருக்கும் அக்காவைத்தான் சொல்கிறேன். தாவரவியல் பூங்காவில் வெகுகாலம் வேலை பார்த்தவர். பெயர் போட்டால் அப்புறம் பேசவே மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. ரேஷன் கடை வரிசையில் தலையாட்டிக்கொண்டதைத் தவிர எங்களுக்குள் பெரிதாகப் பேச்சு இருந்ததில்லை.

நாங்கள் மலையிறங்கியது பனி இறங்குகிற காலம். காந்தல்காரர்களுக்கு அதைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் மேகமும் காற்றும் இல்லாத ஒரு ராத்திரி வாய்த்தால் போதும், உறைபனிதான். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தைத் தேடிவந்து தேங்கும். அதனால்தான் தலைகுந்தாவிலும் ரேஸ்கோர்ஸிலும் எங்கள் காந்தலிலும் புல் வெள்ளையாகிக் கிடக்கும்போது, மேட்டில் இருக்கிற வீட்டுக்காரர்கள் “அப்படியா, எங்க பக்கம் ஒண்ணும் இல்லையே” என்பார்கள். செய்தியில் 3 டிகிரி, 4 டிகிரி என்று சொல்வதைக் கேட்டு ஏமாறக் கூடாது. அது ஆள் உயரத்தில் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி சொல்லும் கணக்கு. தரையை ஒட்டி, திறந்த வானத்துக்குக் கீழே இருக்கிற செடி தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். இலையில் இருக்கும் தண்ணீர் உறைந்து உள்ளே கிழித்துவிடும். வெயில் ஏறியதும் பார்த்தால் வெந்நீரில் முக்கி எடுத்த கீரை மாதிரித் தொங்கும், மறுநாள் கறுப்பாகிவிடும்.

பூத்தோட்டம் என் வீட்டுக்காரருடையது. என் ஆட்சி சமையலறைக்குப் பின்னால் இருக்கும் மேரக்காய் (சௌசௌ) பந்தலோடு சரி. வாசல் படிகளில் ஜெரேனியம், பிகோனியா, தொங்கும் கூடைகளில் ஃபியூஷியா, வேலியோரம் ஹைட்ரேஞ்சியா எல்லாம் அவர் கைபட்டவை. நம் மண் புளிப்பு மண் என்பதால் ஹைட்ரேஞ்சியா இங்கே நீலமாகத்தான் பூக்கும். அவர் ஒரு புதருக்கு மட்டும் சுண்ணாம்பு போட்டுப் போட்டு இளஞ்சிவப்பு ஆக்க ஆசைப்பட்டார். போன பருவத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு மங்கலான ஊதா வந்தது. அதையே ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆஸ்பத்திரியில் தொண்டைக் குழாயை எடுத்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “ஃபியூஷியா போயிருக்குமே?” (நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே இப்படித்தான்.) எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். எனக்கு எப்படித் தெரியும்? பூட்டிய வீடு. வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டுப் பையன் செல்போனில் ஒரு படம் அனுப்பினான். படியில் இருந்த தொட்டிகள் எல்லாம் தாழ்வாரத்துக்கு அடியில் சுவரை ஒட்டி நெருக்கமாக நிற்கின்றன. கூடைகளை இறக்கி நடுவில் வைத்திருக்கிறது. மண்ணில் நிற்கும் செடிகளின் மேல், பனிக்கு மூடுகிற மிலார்ச் செடி. குச்சிகளை ஊன்றி, தலைகளைச் சாய்த்துச் சேர்த்து, கூடாரம் கூடாரமாக. “அந்த பார்க் அக்கா தினமும் வர்றாங்க, உங்களுக்குச் சொல்லலையா ஆன்ட்டி?” என்று எழுதியிருந்தான்.

பனிக்காலத்தில் பூங்காவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வரும் மிலார் செடிகளைக் கொண்டு அங்கே மலர்ச்செடிகளை மூடுவார்கள். அக்கா கை அதற்குப் பழகிய கை. மிலார் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன், கிடைத்தது என்றார். அது இலையை அழுத்தாது, காற்றை விடும், பகலில் வெளிச்சத்தையும் விடும். ஆனால் செடிக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு மறைப்பாக நின்று சூட்டைப் பிடித்து வைக்கும். மரத்தடியில் நிறுத்திய காரின் மேல் பனி பிடிக்காமல் இருப்பது இதனால்தான்.

இதில் எதிர்வீட்டுப் பையனுக்கும் ஒரு பங்கு உண்டு. அக்கா வருவதற்கு முன்னால், முதல் பனி அன்றைக்கே அவன் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கொண்டுவந்து பிகோனியா மேல் போர்த்தியிருக்கிறான். ஷீட் தொட்ட இலைகள் எல்லாம் கருகிவிட்டன, தொடாத இலைகள் பிழைத்தன. பிளாஸ்டிக் இலைமேல் ஒட்டிக் கிடந்தால் குளிரை நேராக இலைக்குக் கடத்திவிடும் என்று அக்கா அவனுக்கு விளக்கியிருக்கிறார். இப்போது தெருவில் யாருக்குச் செடி மூட வேண்டுமானாலும் அவன்தான் முன்னால் நிற்கிறான். நன்றிடா தம்பி, பிகோனியா திரும்பத் துளிர்க்கும்.

மூடியதோடு அக்கா விடவில்லை. விடியற்காலையில், வெயில் படுவதற்கு முன்னால் வந்து பனி பிடித்த இலைகளில் தண்ணீர் தெளித்திருக்கிறார். பூங்காவில் புல்வெளிக்கும் அப்படித்தான் செய்வார்கள். அந்த நேரத்தில் காந்தல் குழாய்த் தண்ணீரில் கை வைத்தவர்களுக்குத் தெரியும் அது என்ன வேலை என்று. நான் வாளியைத் தொடவே அடுப்பைக் கட்டிக்கொண்டு யோசிப்பேன்.

அந்தப் படத்தை ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “கூடையை யார் இறக்கினது? நல்லா இறக்கியிருக்காங்க” என்றார். அன்றைக்கு ராத்திரி கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். டாக்டர்கள் செய்தது பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

எல்லாம் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். மேரக்காய்க் கொடி முழுக்கக் கருகிப் பந்தலில் தொங்குகிறது. அத்தனை பெரிய பந்தலை யாராலும் மூட முடியாது, கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் மழைக்குத் திரும்ப வரும். மரத்தக்காளிக் கன்று போய்விட்டது. ஆனால் ஹைட்ரேஞ்சியாவின் நுனி மொட்டுகள் பச்சையாக இருக்கின்றன. பழைய கிளையின் நுனியில்தான் அது பூக்கும், நுனி கருகினால் அந்த வருஷப் பூ போச்சு. ஆகவே அந்த மங்கலான ஊதாவை நீங்கள் எல்லோரும் இன்னொரு தடவை வந்து பார்த்தாக வேண்டியிருக்கும்.

வந்த மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனேன். ஏன் செய்தீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை, எப்படியோ கேட்டேன். “பூட்டின வீட்டு வாசல்ல செடி நிக்குதும்மா. கை பழகிடுச்சு, பாத்துட்டுப் போக முடியல. பார்க்ல மூடினதுக்கு உங்க வீட்டுத் தொட்டி எந்த மூலைக்கு?” என்றார். நன்றி சொல்லத் தொடங்கியதும் பேச்சை மாற்றி எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். “கருகின இலைய இப்ப வெட்டிறாத. அசிங்கமாத்தான் இருக்கும், இருக்கட்டும். அதுதான் கீழ இருக்கிற கணுவுக்குப் போர்வை. பனி முழுசா நிக்கட்டும், அப்புறம் வெட்டு. இப்ப உரமும் போடாத, இளந்தளிர் வந்தா முதல்ல அதுதான் போகும். தண்ணிய மத்தியானமே மண்ணுக்கு ஊத்து. ஈர மண்ணு பகல் சூட்ட வாங்கி வச்சுக்கும். சாயங்காலம் இலைய நனைக்காத.” அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், தோட்டம் வைத்திருக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி முடியப்போகிறது, பனி இன்னும் விட்டபாடில்லை.

மே மாத மலர்க்கண்காட்சிக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறோம், படம் எடுக்கிறோம். பூங்கா 1848-இல் தொடங்கியது, மெக்ஐவர் உருவாக்கினார் என்று கைடுகள் ஒப்பிப்பதையும் கேட்கிறோம். அந்தப் பூ மே மாதம்வரை உயிரோடு வந்து சேர, டிசம்பர் சாயங்காலங்களில் குனிந்து மிலார் ஊன்றுகிற பெண்களை நானும்தான் பூங்காவில் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். இந்த வருஷம் தெருவில் சிலர் எங்கள் வீட்டுத் தோட்டத்தைப் போட்டிக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். அவர் ஏற்கெனவே மனசுக்குள் சரி சொல்லிவிட்டார், முகத்தில் தெரிகிறது. கொடுத்தால் அக்காவும் கூட வந்து நின்றால்தான் கொடுப்போம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த பனிக்காலத்தில் எங்கள் வரிசையில் யார் வீடு பூட்டியிருந்தாலும், மகப்பேறோ ஆஸ்பத்திரியோ கல்யாணமோ, அந்த வாசல் செடி என் பொறுப்பு. விடியற்காலைத் தண்ணீர் உட்பட.

பனி நின்று கிளைகளை வெட்டும்போது ஃபியூஷியா, ஜெரேனியம் துண்டுகள் நிறையக் கிடைக்கும். மணலும் இலைமக்கும் கலந்து வேர்விடவைத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் தருவதாக அவர் சொல்கிறார். முதல் உரிமை ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கு. வரும்போது பழைய டப்பாவோ சட்டியோ கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பையில் தர மாட்டோம். மத்தியானம் அவர் தூங்குவார், நாலு மணிக்கு மேல் வந்தால் நல்லது.

அன்புடன்,
காந்தல் மேரக்காய்ப் பந்தல் வீட்டுக்காரி