லாரி கிங் ஒலித்தொடருக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்க நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நேர்காணலாளர் லாரி கிங்கின் வாழ்க்கையைத் தமிழில் ஒலித்தொடராகச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட பணி, ஒன்பதாம் பகுதியோடு சென்ற வாரம் நிறைவுற்றது. தொடரின் இறுதியில் இரண்டு வரிகளில் நன்றி கூறி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். ஆனால் தவறாகச் சொல்லவிருந்த பலவற்றைத் திருத்தியும், சொல்லாமல் நழுவப் பார்த்த சிலவற்றைச் சொல்லவைத்தும் நீங்கள் செய்த உதவி இரண்டு வரிகளில் அடங்குவதாக இல்லை. பெயர் வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையாருக்கு. 1933இல் புரூக்ளினில் பிறந்தது, ஒன்பது வயதில் தந்தையை இழந்தது, குடும்பம் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளியது என்று ஆறு பக்கங்களுக்கு நான் எழுதி வைத்திருந்த தொடக்கத்தை அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "கதை ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கட்டும்" என்றார். அப்படித்தான் 1957 மே 1ஆம் நாள், கிங் முதன்முதலாக ஒலிபரப்பிய மயாமி பீச்சின் சிறிய வானொலி நிலையம் நம் முதல் காட்சி ஆயிற்று. சைகர் என்ற அவருடைய இயற்பெயரின் குடும்பப் பெயர் நேயர்கள் வாயில் நுழையாது என்று நிலைய மேலாளர் சொல்ல, நாளிதழில் கண்ணில் பட்ட மதுபான விளம்பரம் ஒன்றிலிருந்து 'கிங்' என்ற பெயர் நிமிடங்களில் பிறந்தது. பிறகு முகப்பிசை ஒலித்தது; இசையைத் தணித்துவிட்டு வாயைத் திறந்தவருக்குச் சொல் வரவில்லை; மீண்டும் இசையை உயர்த்தினார், தணித்தார், உயர்த்தினார். கடைசியில் மேலாளர் கதவை உதைத்துத் திறந்து, இது பேசிப் பிழைக்கும் தொழில் என்பதை நினைவுபடுத்திய பிறகுதான், தமக்கு நேர்ந்த நடுக்கத்தையே அவர் நேயர்களிடம் சொல்லிப் பேசத் தொடங்கினார். கிங் தம் வாழ்நாள் முழுவதும் சலிக்காமல் சொல்லிவந்த கதை இது. அந்த மௌனத்தை நான் வர்ணனையால் நிரப்பியிருந்தேன். "தம்பி, அவரே பேசாத இடத்தில் நீங்கள் எதற்குப் பேசுகிறீர்கள்?" என்று கேட்டு, அங்கே நான்கு விநாடி வெறும் அமைதியை வைக்கச் சொன்னார் அம்மையார். தொடர் முழுவதிலும் நேயர்கள் மிகுதியாகக் குறிப்பிட்ட இடம் அந்த நான்கு விநாடிதான்.

ஒலிப்பொறியாளர் தம்பிக்கு நன்றி. தோள்பட்டி அணிந்த கிங்கின் முன் மேசையில் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பழங்கால ஒலிவாங்கியைப் பற்றி ஒரு பக்கம் உருகி எழுதியிருந்தேன். அது வெறும் அலங்காரப் பொருள், குரலைப் பதிவு செய்தது சட்டையில் குத்திய சின்னஞ்சிறு மைக் என்று படத்தை நிறுத்திக் காட்டிச் சிரித்தீர்கள். அந்தப் பக்கம் போயிற்று. எனக்கு இன்னும் சிறு வருத்தம்தான்.

நான்காம் பகுதிக்கு வழக்கறிஞர் அண்ணன் தந்த நேரத்துக்கு ஈடில்லை. 1971 டிசம்பரில் பணமோசடிப் புகாரில் கிங் கைதானதையும், அதன்பின் சில ஆண்டுகள் ஒலிபரப்பிலிருந்து விலகியிருக்க நேர்ந்ததையும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட நினைத்தேன். புகார் தொடுப்பதற்கான காலவரம்பு கடந்துவிட்டதால் 1972 மார்ச்சில் வழக்கு கைவிடப்பட்டது என்பதும், நிரபராதி என்று நீதிமன்றம் தீர்ப்பளிப்பது முற்றிலும் வேறு என்பதும் அவர் விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. பிடித்த மனிதரின் கறையைத் துடைத்துக் காட்டும் ஆசையிலிருந்து என்னை மீட்டவர் அவர்.

1978 சனவரியில் மியூச்சுவல் வானொலி வலையமைப்பில் நாடு முழுவதற்குமான நள்ளிரவு நிகழ்ச்சி தொடங்கியபோது அமெரிக்காவில் இரவுப்பணி பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கு என் வணக்கம். அழைப்பவரின் பெயரைக் கேட்காமல் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி 'ஹலோ' என்பார் கிங் என்றும், அதனாலேயே எந்த ஊரிலும் ஒருவர் தம்மைப் போலவே விழித்திருக்கிறார் என்ற ஆறுதல் கிடைத்தது என்றும் நீங்கள் சொன்னதை உங்கள் குரலிலேயே சேர்த்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பில் உதவிய தங்கைக்கு நான் பட்ட கடன் பெரிது. கிங்கின் கேள்விகள் ஒரு மூச்சில் முடிபவை. அவற்றில் அவர் அதிகம் நம்பியது 'ஏன்' என்ற ஒற்றைச் சொல்லை. அதை அப்படியே தமிழில் வைத்தால், 'ஏன் செய்தீர்கள்?' என்பது பல இடங்களில் விசாரணையாகவும் கடிந்துகொள்வதாகவும் ஒலித்தது. 'எதனால்?', 'என்ன தோன்றியது?', 'அப்புறம்?' என்று இடத்துக்கு இடம் மாற்றிப் பார்த்து, ஒரே ஒரு கேள்விக்காக ஒரு மாலை முழுவதும் என்னுடன் உட்கார்ந்தீர்கள். 1987இல் மாரடைப்புக்குப் பின் நடந்த அறுவை சிகிச்சையை 'ஐந்து அடைப்புகளை நீக்கினர்' என்று எழுதியதை, அடைப்புகள் அங்கேயே இருக்கும், இரத்தத்துக்கு ஐந்து மாற்றுவழிகள் போடப்பட்டன என்று திருத்திய மருத்துவருக்கும் இங்கேயே நன்றி.

கிங் சிஎன்என் தொலைக்காட்சியில் நேர்காணல் நடத்திய காலத்தைப் பற்றிய பகுதிகளில் தொடர்ந்து என்னோடு சண்டையிட்ட பத்திரிகையாளர் நண்பரே, உங்களை மறப்பேனா! 1985 சூன் 3 முதல் 2010 டிசம்பர் 16 வரை ஒரே இருக்கையில் இருந்ததும், 1992இல் தொழிலதிபர் ராஸ் பெரோ அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்கும் எண்ணத்தை அந்த மேசையில்தான் வெளியிட்டார் என்பதும் எனக்குப் பெருமையாகத் தெரிந்தன. விருந்தினரின் நூலைப் படிக்காமலே வருகிறவர், மழுப்பலான பதிலையும் விட்டுவிடுகிறவர் எப்படிச் சிறந்த நேர்காணலாளர் ஆவார் என்று கேட்டீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன்: பதிலைத் தயாரித்துக்கொண்டு வந்த அரசியல்வாதிகள் அவரிடம் எளிதாகத் தப்பினார்கள். ஆனால் தயாரிக்காமல் வந்தவர்கள், குறிப்பாகத் துயரத்தில் இருந்தவர்கள், வேறெங்கும் சொல்லாததை அவரிடம் சொன்னார்கள். உங்கள் வாதம் எட்டாம் பகுதியில் வெட்டாமல் இருக்கிறது.

கடைசிப் பகுதிக்கு இருபது வரிகளில் ஓர் இரங்கலுரை எழுதி அம்மையாருக்கு அனுப்பினேன். 2021 சனவரி 23, லாஸ் ஏஞ்சலிஸ், வயது 87 என்ற ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்துத் திருப்பி அனுப்பினார், அப்படியே ஒலிபரப்பினோம். இந்த மடலை அவரிடம் முன்கூட்டிக் காட்டவில்லை. காட்டியிருந்தால் இதுவும் பாதியாகியிருக்கும்.

நன்றியுடன்,
தொடரை வழங்கியவன்