அது பைத்தியம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மகனைப் பறிகொடுத்த தாயைப் பற்றிய நாவலுக்கு உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மதிப்புரையைப் படித்தேன். நாவலை அதற்கு முன்பே இரண்டு முறை படித்துவிட்டேன். இறந்த மகனின் காலடிச் சத்தம் மாடிப்படியில் அவளுக்குக் கேட்கிற இடத்தைச் சொல்லி, "இங்கே அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடுகிறது" என்று விமர்சகர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒன்பது வயது. முதல் வருடம் முழுக்க, சாயங்காலம் நாலேகால் ஆனால் கேட் கொக்கியைத் தூக்குகிற சத்தம் எனக்குக் கேட்கும். எழுந்துபோய்ப் பார்ப்பேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை, என்ன நினைப்பார்களோ என்ற பயம். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் எழுதிய கட்டுரையைப் பற்றிப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு, போனவர் பக்கத்தில் இருப்பதுபோலவோ குரல் கேட்பதுபோலவோ தோன்றியிருக்கிறது. பெரும்பாலோர் அதை வெளியே சொன்னதே இல்லையாம். அன்று எனக்கு அப்படியொரு நிம்மதி.

துக்கம் ஆளையே முடக்கிப்போட்டால் மருத்துவம் வேண்டும், சரி. நாவலின் கடைசிப் பகுதியில் அவள் அந்த நிலைக்குப் போகிறாள். ஆனால் மாடிப்படியில் சத்தம் கேட்ட அன்றைக்கே இல்லை.

இன்னொன்று, கணவனைக் 'கல்நெஞ்சக்காரன்' என்றது. மகனின் சைக்கிளை மூன்றாம் மாதமே யாருக்கோ கொடுத்துவிடுகிறான், அவள் அதை மன்னிக்கவே இல்லை. நானும் மன்னித்திருக்க மாட்டேன். என் கணவர் மூன்றாம் வாரமே வேலைக்குப் போனார் என்று எட்டு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் அவரே சுவருக்குப் பெயிண்ட் அடித்தார். மகளை நிற்கவைத்து உயரம் குறித்த பென்சில் கோடுகள் இருந்த இடத்தை மட்டும், சுற்றிலும் டேப் ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்கு விட்டுவைத்தார். டேப்பை உரிக்கும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

நாவலில் அவன் மகனின் ஒற்றைச் செருப்பை ஆபீஸ் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறான். அது நமக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரியாமலே இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் பற்றி மதிப்புரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. விமர்சகர் அதை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி