ஒன்றரை நிமிடப் பெயர்ப் பட்டியலில் அடங்காதவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பாரதக் கூத்தைப் பற்றிய எங்கள் ஆவணப்படம் முடிந்துவிட்டது. 62 நிமிடம். கடைசியில் பெயர்கள் ஒன்றரை நிமிடம் மேலே ஏறிப் போகின்றன. போன செவ்வாய்க்கிழமை இரவு எடிட்டிங் அறையில் அதை ஓட்டிப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பெயர் திரையில் நிற்பது நாலு நொடி. அதற்குப் பின்னால் எத்தனை ராத்திரிகள் இருக்கின்றன என்று கூட இருந்த எனக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல். பெயர்களைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். இங்கே அவர்கள் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருக்கிறது எங்கள் நிறுவனம். என்னோடு சேர்த்து ஏழு பேர். கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, கும்பாபிஷேக நேரலை, மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்கு விளம்பரப் படம், இவைதான் எங்களுக்குச் சோறு போடுகிறவை. இந்தப் படம் அந்தச் சோற்றில் மிச்சம் பிடித்து எடுத்தது. பாலக்கோடு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில், வேப்பனஹள்ளி பக்கம் இன்னொன்று. முதல் ஊரில் 18 ராத்திரி, இரண்டாவது ஊரில் 10 ராத்திரி பாரதக் கூத்து. பகலில் பாரத வாசிப்பு, இரவு பத்து மணிக்கு மேல் கூத்து, கடைசி நாள் துரியோதனன் சாயும் படுகளம், அப்புறம் தீமிதி.

நம் பக்கத்தில் கூத்து நடக்கும் மாதங்களும் முகூர்த்த மாதங்களும் ஒன்றோடொன்று இடிக்கும். சித்திரையிலும் வைகாசியிலும் விடிய விடியக் கூத்தை எடுத்துவிட்டு, அரிதாரம் கலைக்கும் காட்சிக்குக் கூட நிற்காமல், காலை முகூர்த்தத்துக்கு மண்டபத்தில் போய் நின்றவர்கள் எங்கள் ஆட்கள். ஒரே வாரத்தில் மூன்று முறை அப்படி நடந்தது. ஒரு கல்யாண வீட்டிலிருந்தும் குறை என்று ஒரு போன் வரவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

முதலில் மைக் செட் அண்ணனுக்கு.

அண்ணனுக்கு 58 வயது. முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் மைக் செட் கட்டியவர். தேருக்கும் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய கை. மாவட்டம் 2004-இல் இரண்டாகப் பிரிந்ததை இன்னும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஓசூர் வரைக்கும் எல்லாம் அவருக்குத் தர்மபுரி ஜில்லாதான். எங்களிடம் வந்து நாலு வருஷம் ஆகிறது. ஒலிப்பதிவு படித்த ஒருவரைச் சேர்க்கச் சொல்லிப் பலர் என்னிடம் சொன்னார்கள். படித்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு கூத்துக் களத்தில் சத்தம் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று அண்ணனுக்குத் தெரிந்த மாதிரி இந்த ஜில்லாவில் வேறு யாருக்கும் தெரியாது என்பது என் முடிவு.

முதல் ராத்திரி நான் ரெக்கார்டரை மேடைக்கு எதிரே, எல்லோருக்கும் நன்றாகக் கேட்கும் இடத்தில் வைத்தேன். அண்ணன் வந்து எடுத்துவிட்டார். "அங்கே கேட்கிறது குழாய் பாடுற பாட்டும்மா, ஆள் பாடுறது இல்ல" என்றார். குழாய் ஸ்பீக்கர் நடுச் சத்தத்தை மட்டும் கூர்மையாக்கி அடுத்த ஊர் வரைக்கும் தள்ளும். மிருதங்கத்தின் அடிச் சத்தம் அதில் வரவே வராது. பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குக் கீழே, கோணிப்பையை மடித்துப் போட்டு அதன்மேல் ரெக்கார்டரை வைத்தார். மைக் செட் ஓடும் அதே கரண்டில் எங்கள் கருவியைச் சொருகக் கூடாது, 'ங்' என்று அடியில் ஓடும் இரைச்சலைப் பிறகு எடுக்கவே முடியாது என்று சொல்லி, எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட்டினார். ஜெனரேட்டரை வைக்கோல் போருக்குப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லி அந்த ஊர் மைக் செட்காரரிடம் அவரே பேசினார். ஒரே தொழில்காரர்கள் என்பதால் அவரும் மறுக்கவில்லை. படத்தில் முகவீணை என்ற ஊதுகுழலும் ஹார்மோனியமும் தனித்தனியாகக் கேட்கிறதென்றால் அந்தப் பெஞ்சும் கோணிப்பையும் அந்த வைக்கோல் போரும்தான் காரணம்.

அர்ச்சுனன் தபசு ராத்திரியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. தபசு மரத்தின் படிகளில் ஒவ்வொன்றாக நின்று பாடிக்கொண்டே ஏறுவார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் கீழே விழும். பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் ஈரப் புடவையோடு அடியில் காத்திருப்பார்கள். மேலே போகப் போகக் குரல் எங்களுக்குக் கிடைக்காது. அண்ணன் அன்று மாலையே கூத்தை நடத்தும் வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, சின்ன ரெக்கார்டர் ஒன்றை அர்ச்சுனன் வேஷக்காரரின் இடுப்புத் துணிக்குள் வைத்துக் கட்டினார். கட்டுவதற்கு முன் கையைக் கழுவி, அம்மன் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் கட்டினார். அந்த மனிதர் மேலே ஏறும்போது வாங்கும் மூச்சு, இரண்டு அடிப் பாட்டுக்கு நடுவே மரத்தில் உள்ளங்கை தேயும் சத்தம், அத்தனையும் அதில் பதிவாகியிருக்கிறது. நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. நன்றி அண்ணா.

அடுத்து எங்கள் எடிட்டர். வேப்பனஹள்ளிக்காரப் பெண். தமிழ்நாடும் ஆந்திராவும் கர்நாடகமும் முட்டிக்கொள்ளும் மூலை அது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம். இந்த மூன்றும் எங்கள் படத்தைக் காப்பாற்றப் போகிறது என்று அவளை வேலைக்கு எடுத்தபோது நான் நினைக்கவில்லை.

வேஷம் கட்டும் கொட்டகையில் எடுத்த காட்சி ஒன்று இருக்கிறது. துரியோதனன் வேஷம் போடும் பெரியவர் முகத்தில் சிவப்பு அரிதாரம் பூசிக்கொண்டிருக்கிறார். தோளில் புஜக்கட்டை ஏறிவிட்டது, கிரீடம் மட்டும் பாக்கி. பக்கத்தில் பெண் வேஷம் கட்டப்போகும் பதினைந்து வயதுப் பையன். பெரியவர் கண்ணாடியை விட்டுத் திரும்பாமல் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார். அதை நான் 'சத்தம், வெட்டலாம்' என்று குறித்து வைத்திருந்தேன். அவள் ராத்திரி பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, அதை வெட்டாதீங்க. 'தின்னாவா'ன்னு கேட்கிறார். சாப்பிட்டியான்னு."

பையன் தலையை மட்டும் அசைக்கிறான். பெரியவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவன் பக்கம் தள்ளுகிறார். அத்தனை பேர் கையெடுத்துக் கும்பிட்டுத் திட்டித் தீர்க்கப்போகும் துரியோதனன், கட்டை கட்டிய கையால் அந்தப் பையனுக்குச் சோறு தள்ளுகிறான். இப்போது படம் அங்கேதான் தொடங்குகிறது. தெலுங்கு தெரியாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அது குப்பையில் போயிருக்கும். அவள் அந்த மாதங்களில் ஆறு மாதக் கைக்குழந்தையோடு வேலை செய்தாள். எடிட்டிங் அறையின் மூலையில் தூளி தொங்கியது. தூளியை ஆட்டிக்கொண்டிருந்த அவள் மாமியாருக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. அம்மா, உங்கள் பெயரும் பட்டியலில் இருக்கிறது, நிறுத்திப் பாருங்கள்.

கேமரா பிடித்த தங்கச்சி கிருஷ்ணகிரிப் பெண். வீட்டில் உருது பேசுவார்கள். பெண்கள் பக்கம் படம் எடுக்கப் பெண்தான் வேண்டும் என்று கேட்கும் நிக்காஹ் வீடுகளில் வேலை செய்து பழகியவள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் திரையில் கோடு கோடாக ஓடாமல் இருக்க, நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு ஏற்ப வைத்ததும், மட்டமான எல்.இ.டி. விளக்கின் கீழே துரியோதனனின் சிவப்பு செத்துப் போகிறது என்று கண்டுபிடித்து நல்ல விளக்கு இரண்டைத் தன் காசில் வாங்கி வந்ததும் அவள்தான். (அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.) ஆனால் நான் நன்றி சொல்ல நினைப்பது வேறொன்றுக்கு.

படுகளத்தன்று களிமண்ணில் செய்த பெரிய துரியோதனன் தரையில் படுத்திருக்கிறான். திரௌபதி கூந்தல் முடிகிறாள். கூட்டத்தில் ஒரு அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. கேமரா அவர் பக்கம் திரும்பியதும் அவருடைய மகள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். தங்கச்சி அந்த நொடியே கேமராவைக் கீழே இறக்கிவிட்டாள். அதைவிட நல்ல காட்சி எங்களுக்கு அந்த வருஷம் கிடைத்திருக்காது, அது அவளுக்கும் தெரியும். கேமரா ஓடிக்கொண்டே இருந்ததால் ஈர மண்ணும் ஓடும் கால்களும் பதினோரு நொடி பதிவாகியிருந்தன. இரண்டு வாரம் கழித்து அவளே அந்த வீட்டுக்குப் போய்க் காட்டி, அனுமதி வாங்கி வந்தாள். அந்தப் பதினோரு நொடி படத்தில் இருக்கிறது. அந்த அம்மாவின் முகம் இல்லை.

ஆனி மாதம் எங்கள் முதன்மை ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அலுவலகத்தில் இருந்த பிரதியை ஓட்டிப் பார்த்தால் அதிலும் ஒன்பது ராத்திரிகள் திறக்கவில்லை. பெருநகரத்தில் ஒரு கடைக்கு அனுப்பினோம். முன்பணம் வாங்கிக்கொண்டு மூன்று வாரம் வைத்திருந்து, முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். நான் அன்று அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கதவைத் தட்டியது சித்தேரி மலையிலிருந்து வந்து எங்களிடம் வேலை கற்றுக்கொண்டிருக்கும் தம்பி. மூன்று பிரதி இருக்க வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் நானே ஒருமுறை சொல்லியிருந்தேன். சொன்னதோடு சரி. அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து வாங்கிய டிஸ்க்கில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏற்றி, அரூர் பஸ் பிடித்து, மலைக்குக் கொண்டு போயிருக்கிறான். அவன் அம்மா அதைப் பித்தளை அண்டாவுக்குள் சாமை மூட்டைமேல் துணி சுற்றி வைத்திருந்தார்கள். 28 ராத்திரியும் அதில் இருந்தன. தம்பி, உனக்கு நான் என்ன எழுதுவது? உன் அம்மாவை நேரில் வந்து பார்க்கிறேன்.

கணக்கு பார்க்கும் அக்காவைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாது. அவர் அப்பா பம்பை அடித்தவர். திருவிழா முடிந்து பத்து நாள் கழித்தும் கூலிக்காக வாசலில் நின்ற அப்பாவைச் சின்ன வயதில் பார்த்தவர் அவர். அதனால் எங்களிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: கூத்துக்காரர்களுக்குத் தரும் பணம் வேஷம் கட்டுவதற்கு முன்பே கையில் போய்ச் சேர வேண்டும். 28 ராத்திரியும் அப்படியே நடந்தது. எடுத்த காட்சிகள் அத்தனையும் பென்டிரைவில் கூத்துக் குழுவுக்குக் கொடுத்ததும் அவர் யோசனைதான். நாளைக்கு வாத்தியார் தன் பேரனுக்குச் சொல்லிக் கொடுக்க அது வேண்டும் என்றார்.

ஓட்டுநர் அண்ணன் தளி பக்கத்துக்காரர். எங்கள் தூக்கத்தையெல்லாம் சேர்த்து அவர் தூங்காமல் ஓட்டினார். வேப்பனஹள்ளிக் கோயில் பெரியவர் முதலில் முகம் கொடுக்காமல் இருந்தபோது, கன்னடத்தில் பேசி ஒரு தேநீரில் சம்மதம் வாங்கியவர் அவர்.

அப்புறம், பாலக்கோட்டில் இருக்கும் எங்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா. வாத்தியாரின் பாட்டு நோட்டுகள் மூன்று தலைமுறைக் கையெழுத்தில் இருந்தன. ஓரம் செல்லரித்த பக்கங்கள், பாதியில் நின்ற விருத்தங்கள். ஐயா லென்ஸை வைத்துக்கொண்டு நாலு மாதம் உட்கார்ந்து படியெடுத்தார். இலக்கணத்துக்காக ஓர் எழுத்தைக்கூட அவர் திருத்தவில்லை. "பாடுறவன் வாயில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும்" என்றார். அந்தப் படி ஒன்று இப்போது வாத்தியார் வீட்டில் இருக்கிறது.

வாத்தியாருக்கும் கூத்துக் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் எங்கள் வணக்கம். எங்கள் கேமரா உங்கள் கொட்டகைக்குள் இடைஞ்சலாக நின்ற ராத்திரிகளையும் பொறுத்துக்கொண்டீர்கள். தன் வீட்டிலிருந்து ஒயர் இழுக்க விட்டு, கரண்டு பில்லுக்குப் பணம் வாங்க மறுத்த மளிகைக்கடை அம்மாவுக்கும், ராத்திரி ஒரு மணிக்குக் களியும் கீரைக் கடைசலும் போட்ட கோயில் தெருக்காரர்களுக்கும், எங்கள் வண்டியில் செந்தூரா மாம்பழக் கூடையை ஏற்றிவிட்டுப் பெயர் சொல்லாமலே போன விவசாயிக்கும் நன்றி.

ஒரு சேதி பாக்கி இருக்கிறது. பட்டியலில் மைக் செட் அண்ணன் பெயருக்கு எதிரே 'ஒலிப்பதிவு' என்று போட்டிருந்தோம். அவர் பார்த்துவிட்டு அதை மாற்றச் சொன்னார். 'மைக் செட்' என்றே போட்டால்தான் ஊரில் தன்னைத் தெரியும் என்றார். மாற்றிவிட்டோம்.

முதல் திரையிடல் வரும் சனிக்கிழமை பாலக்கோடு பக்கத்து அதே கோயில் திடலில். திரை கட்டுவது சித்தேரித் தம்பி, குழாய் கட்டுவது அண்ணன். இந்த ஒரு ராத்திரிக்குப் பெட்டி ஸ்பீக்கரும் சேர்த்துக் கொண்டுவருகிறார், மிருதங்கம் முழுசாகக் கேட்க வேண்டுமாம். ஏழரை மணிக்குத் தொடங்கிவிடுவோம். கார்த்திகை மாதம், தரையில் பனி இறங்கும், ஆளுக்கொரு பாயும் போர்வையும் கொண்டு வந்துவிடுங்கள்.